பத்திரிகையில் வந்த அந்த ஆள் நான்தான், சம்பந்தி

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும் என் மனைவியும் நலமாக இருக்கிறோம். உங்கள் நலத்தையும், சம்பந்தியம்மாவின் நலத்தையும், அவர்களுடைய முழங்கால் வலியின் தற்போதைய நிலவரத்தையும் அறிய ஆவல். நலம் என்று எழுதுவது, கடிதம் என்றால் அப்படித்தான் தொடங்க வேண்டும் என்பதற்காக அல்ல. உண்மையிலேயே நலம். திவாலானவன் நலமாக இருக்கக் கூடாது என்று சட்டத்தில் எங்கேயாவது போட்டிருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டேன். அப்படி ஒரு வரிகூட இல்லை. நன்றாகத் தூங்குகிறேன், வேளாவேளைக்குப் பசிக்கிறது, சர்க்கரை அளவு போன வருடத்தைவிடக் குறைந்திருக்கிறது. டாக்டர் என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். திவால் மனு போட்டிருக்கிறேன் என்று சொன்னேன்.

தங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. மிகுந்த பண்போடு, ஒரு வார்த்தைகூட மனம் நோகாதபடி, ஒரு யோசனை சொல்லியிருந்தீர்கள். உங்கள் இளைய மகளுக்கு வரன் பேசிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில், பத்திரிகையின் ஏழாம் பக்கத்தில் வந்த திவால் அறிவிப்பை அந்த வீட்டார் பார்த்துவிட்டார்கள் என்றும், அதில் இருப்பது நான் இல்லை, அதே பெயர் கொண்ட வேறு யாரோ என்று நானே அவர்களுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி என்றும் எழுதியிருந்தீர்கள். ஒரே பெயரில் எத்தனையோ பேர் இருப்பார்களே என்றும் கேட்டிருந்தீர்கள். இருப்பார்கள் சம்பந்தி, யார் இல்லை என்றது? ஆனால் அதே பெயரில், அதே தெருவில், அதே கதவு எண்ணில், 'கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் சுயதொழில் செய்பவர்' என்று இன்னொருவர் இருந்தால், அவர் இத்தனை நாள் எங்கள் வீட்டில் எந்த அறையில் படுத்துக்கொண்டிருந்தார் என்று என் மனைவி கேட்கிறாள். எனவே பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன். அந்த ஆள் நான்தான். போன் போட மாட்டேன். பத்திரிகையில் பெயர் வர வேண்டும் என்று இருபத்தாறு வருடமாக ஆசைப்பட்டவன் நான். விளம்பரக் கட்டணத்தைக் கேட்டுவிட்டு ஒவ்வொரு தடவையும் வாசலோடு திரும்பி வந்திருக்கிறேன். இப்போது நீதிமன்றமே போட்டுக்கொடுத்திருக்கிறது. அதற்கான செலவையும் என் கணக்கிலேயே எழுதிவிட்டார்கள் என்பது வேறு விஷயம். எனக்கு வருத்தம் என்றால் ஒன்றுதான். அந்த அறிவிப்புக்குப் பக்கத்திலேயே இன்னொரு டிரைவிங் ஸ்கூல்காரர்கள் கால் பக்கத்துக்கு விளம்பரம் கொடுத்திருந்தார்கள். அவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எப்படி நொடித்துப்போனேன் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காமல் விட்டது உங்கள் பெருந்தன்மை, சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. இருபத்து மூன்று வருடம் ஒரே ஒரு கார் வைத்துக்கொண்டு, ஒருவருக்கும் ஒரு காசு பாக்கி வைக்காமல் பிழைத்தேன். மூன்று வருடத்துக்கு முன் ஒரு வங்கி மேலாளர் என்னிடம் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தார். நல்ல மனிதர், ஆனால் ரிவர்ஸ் மட்டும் வரவே வராது. பின்னால் போ என்றால் பக்கவாட்டில் போவார். மூன்று முறை தேர்வில் தோற்றதால் என்னோடு அவர் காரில் செலவழித்த நேரம் அவர் மனைவியோடு செலவழித்ததைவிட அதிகம். ஒருநாள் அப்படி ஓட்டிக்கொண்டே, "சார், உங்ககிட்ட இருக்கிற திறமைக்கு ஒரே ஒரு கார வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்களே! நாலு கார் ஓடணும் சார். பேப்பர் எல்லாம் நான் பார்த்துக்கிறேன்" என்றார். திறமை என்ற வார்த்தையை என்னைப் பார்த்து யாராவது சொல்லிப் பல வருடம் ஆகியிருந்தது. ஓட்டுகிற ஆளிடம் பேச்சுக் கொடுக்காதே என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிற நான், ஓட்டுகிற ஆள் எனக்குப் பேச்சுக் கொடுத்ததைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். மூன்று கார் வாங்கினேன், மூன்று பயிற்சியாளர்களை வேலைக்கு வைத்தேன், புதுப் பலகை எழுதினேன். பலகையில் பெயின்ட் காய்வதற்குள் குழாய் பதிக்கிறோம் என்று எங்கள் தெருவை வெட்டிப்போட்டார்கள். எட்டு மாதம் ஒரு சைக்கிள்கூட வெளியே போக முடியவில்லை. நான்கு காரும் வரிசையாக நின்றன. தவணை மட்டும் நிற்கவில்லை. பயிற்சியாளர்கள் மூவரும் ஒருநாள் சேர்ந்து வந்து ரொம்ப மரியாதையாக விடைபெற்றுக்கொண்டு போய், வெட்டாத தெருவாகப் பார்த்துச் சொந்தமாக ஒரு டிரைவிங் ஸ்கூல் ஆரம்பித்தார்கள். கால் பக்க விளம்பரம் அவர்களுடையதுதான். புதிய கார் மூன்றையும் வங்கி எடுத்துக்கொண்டது, விற்ற பணம் கடனுக்குப் போதவில்லை. மிஞ்சியது என் பழைய காரும் கழுத்துவரைக் கடனும்.

இது தெரிந்த அன்றே என் மைத்துனன், அதாவது என் மனைவியின் தம்பி, காலை ஏழு மணிக்கு வந்து கதவைத் தட்டினான். "அத்தான், மனு போடுறதுக்கு முன்னாடி கார என் பேருக்கு மாத்திடுங்க. எல்லாம் முடிஞ்சதும் அப்படியே திருப்பித் தந்துடறேன். ஒருத்தனுக்கும் தெரியாது" என்றான். ஆறு வருடத்துக்கு முன் இவன் அப்படியே திருப்பித் தருவதாக வாங்கிப்போன ஏணி இன்னும் அவன் வீட்டு மாடியில்தான் இருக்கிறது. அது ஒரு பக்கம் இருக்கட்டும். அப்படி மாற்றுவது மோசடி, கண்டுபிடித்தால் உள்ளே வைத்துவிடுவார்கள் என்று எடுத்துச் சொன்னேன். "அப்ப நேர்மையா இருந்தா மட்டும் என்ன கிடைக்குது?" என்று கேட்டான். காபி குடித்துவிட்டுப் போ என்று சொன்னேன்.

வக்கீலிடம் போனேன். திவாலாவதற்கு அவர் முன்பணம் கேட்டார். பணம் இல்லாததால்தானே சார் திவாலாகிறேன் என்றதற்கு, எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள் என்றார். மனைவி சீட்டுக் கட்டிச் சேர்த்து வைத்திருந்ததில் கொடுத்தாள். பேச்சு வழக்கில் மஞ்சள் கடுதாசி நீட்டிவிட்டான் என்கிறார்களே, நானும் ஏதோ ஒரு மஞ்சள் தாளில் நாலு வரி எழுதிக்கொடுத்தால் முடிந்தது என்று நினைத்திருந்தேன். நாற்பத்திரண்டு பக்கம் சம்பந்தி, அத்தனையும் வெள்ளை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் மேற்கண்டவை உண்மை என்று உறுதிமொழி, அதன்கீழ் கையெழுத்து. வேலைக்குப் போகிறவனுக்கு ஆறு பக்கத்தோடு விட்டுவிடுகிறார்கள். சுயதொழில் செய்கிறவனைத்தான் தோண்டித் துருவுகிறார்கள். முதலாளியின் பெயர் என்ன என்று ஒரு கேள்வி, என் பெயரை எழுதினேன். தொழிலாளியின் பெயர், மறுபடி என் பெயர். முதலாளி தொழிலாளிக்குச் சம்பள பாக்கி வைத்திருக்கிறாரா என்று அடுத்த கேள்வி. பொய் எழுதக் கூடாது அல்லவா? பதினோரு மாதமாக வைத்திருக்கிறார் என்று எழுதி, கடன் கொடுத்தவர்கள் பட்டியலில் வங்கி, டயர் கடை, பெட்ரோல் பங்க், கட்டட உரிமையாளர் ஆகியோருக்குக் கீழே ஐந்தாவதாக என்னையும் சேர்த்துவிட்டேன். வக்கீல் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சார், உங்களுக்கு யார் சம்பளம் தரணும்?"

"நான்தான்."

"தராம ஏமாத்தினது யாரு?"

"நான்தான் சார். அந்த ஆள் மேல ஒரு நடவடிக்கை எடுக்க முடியுமான்னு பாருங்க."

அவர் என் பெயரைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார். இதை நான் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் பட்டியலில் இருந்தவர்களிலேயே அதிகமாக ஏமாந்தவன் நான்.

பிறகு கடன் கொடுத்தவர்களின் கூட்டம் என்று ஒன்று வைத்தார்கள். கடன் வாங்கியவன் நடுவில் உட்கார வேண்டும், கொடுத்தவர்கள் சுற்றி உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். திவால் அதிகாரி ஒரு அம்மா, நடுத்தர வயது, யாரைப் பார்த்தாலும் முதலில் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பேசுகிறவர். பத்து மணிக்குக் கூட்டம். என் வழக்கப்படி நான் ஒன்பதேகாலுக்கே போய்விட்டேன். அலுவலகத்துக்குக் கீழே ஒன்பது கார் நிற்கிற அளவுக்கு ஒரு இடம், தரையில் கோடு போட்டிருந்தது. நான் ஒரு தூணோரமாக நின்றுகொண்டிருந்தபோது டயர் கடைக்காரர் வந்து இரண்டு இடத்தை அடைத்துக் குறுக்காக நிறுத்திவிட்டு இறங்கினார். பன்னிரண்டு வருடத்துக்கு முன் என்னிடம் கற்றவர். எனக்குப் பொறுக்கவில்லை. "திரும்ப ஏறுங்க. இப்படியா சொல்லிக்கொடுத்தேன்?" என்றேன். சத்தம் போடாமல் ஏறினார். ஒடிங்க, இன்னும் ஒடிங்க, நேராக்குங்க என்று சொல்லி முடிப்பதற்குள் பெட்ரோல் பங்க்காரர் வந்தார், அவரும் என் மாணவர். அவருக்குப் பின்னால் கட்டட உரிமையாளர், ஹேண்ட் பிரேக் போடாமலே இறங்குகிற ஆசாமி. கடைசியாக வங்கி மேலாளர், தூணுக்கும் சுவருக்கும் நடுவே மிஞ்சியிருந்த ஒரே இடத்தில் ரிவர்ஸ் எடுக்க வேண்டும். பதினைந்து நிமிடம் ஆயிற்று. மாடி ஜன்னலிலிருந்து அதிகாரி அம்மா பார்த்திருக்கிறார். "மனுதாரர் இன்னும் வரலையா?" என்று கேட்டாராம். "கீழ வண்டியெல்லாம் நிறுத்திக்கொடுத்துட்டு இருக்கார் மேடம்" என்று எழுத்தர் சொன்னாராம். அந்த அம்மா என்னை வாட்ச்மேன் என்று நினைத்திருந்தார்.

கூட்டத்தில் யாரும் என்னைக் கடிந்து பேசவில்லை. டயர் கடைக்காரர் எழுந்து, "மேடம், என் பொண்ணுக்கும் இவர்தான் கத்துக்கொடுத்தார். எட்டு வருஷமா ஓட்டுறா, வண்டில ஒரு கீறல்கூட இல்ல. எனக்கு வர வேண்டியது வரப்ப வரட்டும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஆனால் வங்கி மேலாளர் எழுந்து, என் முகத்தைப் பார்க்காமல், கையிலிருந்த தாளைப் பார்த்துப் படித்தார். பழைய காரையும் விற்றுக் கடனில் வரவு வைக்க வேண்டும் என்பது தலைமை அலுவலகத்தின் நிலைப்பாடு என்றார். அதாவது மிச்சமிருந்த ஒரே ஒரு கார், என் சோற்றுப்பானை. சட்டம் என்ன சொல்கிறது என்றால், தொழில் செய்யத் தேவையான கருவியை எடுக்கக் கூடாது, வாகனத்தை எடுக்கலாம். தையற்காரருக்குத் தையல் இயந்திரத்தை விட்டுவிடுவார்கள், அவருடைய ஸ்கூட்டரை எடுத்துக்கொள்வார்கள். என் விஷயத்தில் கருவியும் வாகனமும் ஒன்றாக வந்து நின்றுவிட்டது. அதிகாரி அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்வதாகச் சொன்னார்.

அடுத்த வாரம் ஒரு மதிப்பீட்டாளரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்தார். ஓட்டிப் பார்த்தால்தான் விலை சொல்ல முடியும் என்று அந்த ஆள் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். அந்த அம்மா பின்னால் உட்கார்ந்தார். நான் என்னுடைய இடத்தில், எனக்கென்று ஒரு பிரேக்கும் ஒரு கிளட்ச்சும் வைத்திருக்கிற பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். என்னை யாரும் வரச் சொல்லவில்லை, ஆனால் இருபத்தாறு வருடமாக அந்தக் கார் நான் இல்லாமல் தெருவில் இறங்கியதில்லை. வாயைத் திறக்கக் கூடாது என்று என் மனைவி வாசலில் வைத்தே சத்தியம் வாங்கியிருந்தாள். வாயைத் திறக்கவில்லை சம்பந்தி. கால்தான் கேட்கவில்லை. அந்த ஆள் கண்ணாடி பார்க்காமல் கிளப்பினார், நான் பிரேக் போட்டேன். சிக்னல் கொடுக்காமல் திரும்பினார், போட்டேன். முன்னால் போகிற பஸ்ஸின் முதுகில் ஒட்டிக்கொண்டு போனார், அதற்கு இரண்டு தடவை போட்டேன்.

"யார் சார் ஓட்டுறது, நீங்களா நானா?" என்று கத்தினார்.

"நீங்கதான் சார். அதான் கால் தானா போகுது."

கோபத்தில் அவர் வேகமாக ஒரு சந்து முனையைத் தாண்டப் பார்த்தபோது, இடுக்கிலிருந்து ஒரு பெண் சைக்கிளில் வந்துவிட்டாள். அவர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். கார் குலுங்கி நின்றது. அந்தப் பெண் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டாள். பிறகு பின்னாலிருந்து அந்த அம்மா, "அந்த இன்னொரு பிரேக் எங்க இருக்கு? காட்டுங்க" என்றார். குனிந்து காட்டினேன். குறித்துக்கொண்டார். வீட்டு வாசலில் வந்து இறங்கியதும், என் கை பழக்க தோஷத்தில் மதிப்பெண் தாளை எடுத்து, அந்த மதிப்பீட்டாளருக்கு 'மறுபடி வரவும்' என்று எழுதிக் கொடுத்துவிட்டது. அவர் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். காரின் கண்ணாடியில் எடுக்கக் கூடாது என்று ஒரு சீட்டை ஒட்டி, சாவியை வாங்கிக்கொண்டு, முடிவைப் பிறகு சொல்கிறேன் என்று அந்த அம்மாவும் கிளம்பிவிட்டார். இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. கார் வாசலில் நிற்கிறது. நான் ஜன்னலில் நிற்கிறேன்.

இவ்வளவுக்கும் பிறகு வெட்கமாக இல்லையா என்று உங்கள் பக்கத்தில் யாராவது கேட்டால், இருந்தது என்றே சொல்லுங்கள். நீதிமன்றத்தில் என் பெயரை உரக்கக் கூப்பிட்டபோது காது இரண்டும் கொதித்தது. என் மகளை, உங்கள் மருமகளை, நினைத்துக்கொண்டேன். ஆனால் சம்பந்தி, நான் ராத்திரியோடு ராத்திரியாக வீட்டைக் காலி செய்துவிட்டு ஓடிய ஆள் இல்லை. யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று என் கையால் எழுதிக்கொடுத்து, அவர்கள் நடுவில் போய் உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்ன ஆள். இந்த நான்கு மாதத்தில் எந்தத் தாளிலும் ஒரு பொய் எழுதவில்லை, எந்த அதிகாரியிடமும் ஒரு பொய் சொல்லவில்லை. பத்திரிகையில் வந்தது வேறு யாரோ என்று இப்போது சொல்லிவிட்டால், இத்தனையையும் செய்தது யார்? அந்தப் பெருமையைத் தூக்கி அந்த வேறு யாரோவுக்குக் கொடுக்க நான் தயாராக இல்லை. வரன் வீட்டாருக்குச் சந்தேகம் இருந்தால் நேரே இங்கே அனுப்புங்கள், நாற்பத்திரண்டு பக்கத்தையும் படிக்கத் தருகிறேன். அவர்கள் வீட்டுக் கணக்கை அப்படி வரிவரியாகக் காட்ட அவர்களுக்குத் தைரியம் உண்டா என்றும் கேட்டுப்பாருங்கள்.

கார் போனால் போகட்டும். கூடத்தில் இரண்டு நாற்காலியைப் போட்டு, ஸ்டியரிங்குக்குப் பதில் ஒரு தட்டைக் கையில் கொடுத்துக் கற்றுக்கொடுப்பேன். உதவி என்று யார் வாசலிலும் போய் நிற்க மாட்டேன், யார் தயவும் எனக்குத் தேவையில்லை. பெண் கொடுத்த இடம் என்பதற்காக உங்கள் தயவும் தேவையில்லை. இதைக் கோபத்தில் எழுதுவதாக நினைக்க வேண்டாம். நிதானமாக, காலை ஆகாரத்துக்குப் பிறகு எழுதுகிறேன். "நீங்க எழுதி முடிக்கிறதுக்குள்ள திவாலே முடிஞ்சிடும்போல இருக்கு" என்று என் மனைவி சொல்வதால் இத்துடன் முடிக்கிறேன்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். மாப்பிள்ளைக்கும் என் மகளுக்கும் எங்கள் ஆசிகள், திவாலானவன் ஆசி கொடுப்பதற்குச் சட்டத்தில் தடை இல்லை. இளைய மகளுக்கு நல்ல இடம் அமையட்டும், குட்டிப் பேரன் வளைவுகளில் கண்ணாடி பார்த்து ஓடட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
ஏழாம் பக்கத்தில் வந்த அதே சம்பந்தி

பின்குறிப்பு: எழுதி முடித்து, உறையில் போட்டு, உங்கள் விலாசமும் எழுதி ஒட்டிய பிறகு அதிகாரி அம்மா போன் செய்தார். உறையைக் கிழித்துத்தான் இதைச் சேர்க்கிறேன், மன்னிக்கவும். கார் கருவிதானாம். எனக்கே விட்டுவிடுகிறார்களாம். என் மனைவி அழுதுவிட்டாள். ஆனால் தொழில் நடந்தால்தான் அது கருவி, நடக்காவிட்டால் வெறும் வாகனம் என்று ஏலத்துக்குப் போய்விடும். நடக்கிறது என்பதற்கு, இப்போது பயிற்சியில் இருக்கும் ஒருவருடைய பெயரை உடனே சொல்ல வேண்டும், திங்கட்கிழமை வகுப்பு நடத்தி அவருடைய கையெழுத்தைக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்றார். சம்பந்தி, மேலே ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன். அந்த அறிவிப்பு வந்த வாரத்திலேயே என் மாணவர்கள் ஒன்பது பேரும் கால் பக்க விளம்பரக்காரர்களிடம் போய்விட்டார்கள். ஒருவர்கூட இல்லை. "பேர் சொல்லுங்க சார், எழுதிக்கிறேன்" என்று அந்த அம்மா காத்திருக்கிறார். என் கையில் இந்த உறைதான் இருந்தது. அதன்மேல் இருந்த பெயரை அப்படியே படித்துவிட்டேன்.

"வயசு?"

"அறுபத்து மூணு மேடம்."

"இந்த வயசுலயா கத்துக்கிறார்?"

"ரொம்ப நாள் ஆசை மேடம்."

நான்கு மாதத்தில் நான் சொன்ன ஒரே பொய் இதுதான். தபால் நேரத்துக்கு வந்து சேராது என்பதால் மைத்துனன் கையில் கொடுத்தனுப்புகிறேன். திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு நீங்கள் வந்து உட்கார்ந்துவிட்டால் அதுவும் பொய் இல்லை என்று ஆகிவிடும். யார் தயவும் தேவையில்லை என்று நான் எழுதிய பத்தியை அடித்துவிடத்தான் பார்த்தேன், தாள் கிழிந்துவிடும்போல இருந்தது. நீங்களே அதை விட்டுவிட்டுப் படித்துக்கொள்ளுங்கள். வரன் வீட்டாருக்கு நானே போன் போடுகிறேன், பத்திரிகையில் வந்தது வேறு யாரோ என்று எத்தனை பேரிடம் சொல்லச் சொன்னாலும் சொல்கிறேன். திங்கட்கிழமை மட்டும் வந்துவிடுங்கள்.